அம்மா நிமிர்த்திய பீசா கோபுரம்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை, இத்தாலியில் பீசா நகரத்து மக்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் அருப்புக்கோட்டையில் கூடப் படித்த நாலு பேருக்கு அதைச் சொல்லியும் கொடுத்தேன். "அவுக மூணு வேளையும் மைதா திம்பாகலே, எலும்பு எப்படி நிக்கும்?" என்ற விளக்கம் முழுக்க என் சொந்தச் சரக்கு.

இதற்கெல்லாம் காரணம், மின்விசிறி சுற்றும்போது கூடத்துச் சுவரில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலண்டர். அப்பாவின் விசைத்தறிக்கு நூல் அனுப்பிய மில்லுக்காரர் கொடுத்தது. வருஷம் முழுக்க ஒரே படம்: பச்சைப் புல்வெளி, வெள்ளைப் பளிங்குக் கோபுரம், அதன் அடியில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் சாய்ந்த கோபுரம் ஆகாது என்பது அம்மாவின் கட்சி. "மில்லுக்காரர் வந்தா அவுக காலண்டரத்தான் முதல்ல தேடுவாக" என்பது அப்பாவின் கட்சி. கடைசியில் காலண்டர் இறங்கவில்லை. அம்மா அதன் கீழ்மூலையில் இன்னோர் ஆணி அடித்து, கோபுரம் நிமிரும்வரை காலண்டரையே சாய்த்துவிட்டாள். கோபுரம் நேரானது, புல்வெளி மேடேறியது, தொப்பிக்காரர்கள் சாய்ந்தார்கள். புவியியல் எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

அதற்குள் அக்காவைப் பார்க்க வந்த இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக மதுரையிலிருந்து ஒரு சரித்திர வாத்தியார் வந்தார். அவர் வேனிலிருந்து இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்த அக்கா, அடுப்படிக்குள் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இவுகளப் பிடிச்சிருக்கும்மா. சகுனம் கிகுனம்னு கெடுத்துராத."

அம்மா காரச்சேவை அள்ளித் தட்டில் வைத்தாள்.

வாத்தியாருக்குக் கோணலாக எது கண்ணில் பட்டாலும் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. பேச்சுவாக்கில் எழுந்துபோய், கீழ் ஆணியிலிருந்து காலண்டரை விடுவித்து நேராகத் தொங்கவிட்டார். கோபுரம் சாய்ந்தது. தண்ணீர் வைக்கிற சாக்கில் வந்த அம்மா அதைப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அவர் மறுபடி எடுத்துவிட்டார். இந்தத் தடவை அம்மா போகவில்லை; நின்று அவரையே பார்த்தாள். காபித் தட்டோடு வந்த அக்கா நிலைப்படியைத் தாண்டாமல் அங்கேயே நின்றுகொண்டாள்.

"சாஞ்ச கோபுரம் வீட்டுக்கு ஆகாது தம்பி" என்றாள் அம்மா.

அவர் சிரிக்காமல் சொன்னார்: "இது நேத்துச் சாஞ்சது இல்லம்மா. கட்டும்போதே சாய ஆரம்பிச்சிருச்சு. அடியில மண்ணு சரியில்ல. அதுக்காக விட்டுறாம, தலைமுறை தலைமுறையாக் கட்டி முடிச்சிருக்காக. நூத்துக்கணக்கான வருசமா நிக்குது."

"மண்ணு சரியில்லாமயா நிக்குது?"

எங்கள் பக்கத்துக் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. மழைக்குப் பொங்கி, வெயிலுக்குப் பிளந்து, பூசிய சுவரை வருஷத்துக்கு ஒருமுறை விரிசல் விடவைக்கிற மண் அது. எங்கள் கூடத்து விரிசலை அம்மா ஒருமுறை பார்த்தாள், கோபுரத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப கெட்டிதான்" என்றாள். அக்கா காபியோடு உள்ளே வந்தாள். ஆவணியில் கல்யாணம்.

அக்கா மகள் இப்போது அதே பீசாவில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, வளைவு வளைவாக நிழல் கட்டிய பழைய கடைத்தெரு வழியாக ஒரு விறகடுப்புக் கடைக்குக் கூட்டிப்போனாள். கடலை மாவை நீர்க்கக் கரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். வெந்ததும் மிளகுத்தூள் தூவி, ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தருகிறார்கள். 'செச்சீனா' என்று பேர். என் மைதாக் கொள்கை அங்கேயே உயிரை விட்டது. அதே கடலை மாவு, அதே மிளகு; பிழிந்து பொரிக்கப் பொறுமை இல்லாதவர்கள் செய்த காரச்சேவு. இதைச் சொன்னதும், "மெதுவாப் பேசுங்க மாமா, இவுகளுக்கு இது உசுரு" என்றாள் மருமகள்.

கோபுரத்தடியில் ஆளாளுக்குக் கையை நீட்டி, அதைத் தாங்கிப் பிடிப்பதுபோல உடம்பைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புல்வெளி நெடுகச் சாய்ந்த மனிதர்கள். ஒன்பதாம் வகுப்பில் நான் சொன்னது அவ்வளவு ஒன்றும் தப்பில்லை.

ஊரில் எங்கள் தறிகள் போய்விட்டன, மில் மூடிவிட்டது, அப்பா இல்லை. கூடத்துச் சுவரில் டிவிக்குப் பின்னால் இரண்டு ஆணிகள் மட்டும் மிச்சம். கோபுரத்தின் முன்னால் நின்று, வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"போனக் கொஞ்சம் சாச்சுப் பிடிலே" என்றாள். சாய்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாகப் பார்த்தாள்.

"அது நேராத்தாண்டா இருக்கு. நீதான் கோணலா நிக்கிற."