தூண்களுக்கு நடுவே ஒரு மாதா கோயில்

ஸஃபீரிஸ் மேஸ்திரிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கிரேக்க நாட்டின் ஈகினாத் தீவில் அவர் கை படாத சுவர் எது, யாராவது காட்டட்டும்! பன்னிரண்டு வயதில் அநாதையாகக் கரையேறியவர். எவன் தயவும் இல்லாமல் தலையெடுத்தவர். குன்றின்மேல் நிற்கும் பழைய தூண்களுக்கு நடுவே ஒரு சின்ன மாதா கோயிலையும் தனி ஆளாகக் கட்டி முடித்தார். காய்ச்சலில் போன ஒரே மகள் ஸ்மரக்தாவின் எலும்புகள், தீவின் வழக்கப்படி புதைகுழியிலிருந்து எடுத்து, அதற்குள்தான் ஒரு மரப்பெட்டியில் இருந்தன.

அந்தக் கோடையில் ஜெர்மன் ஓவியர் ஒருவர் குன்றுக்கு வந்தார். தூணடியில் இடையனாக உட்காரும்படி மேஸ்திரியைக் கேட்டார்.

"ஆயுசுல ஒரு ஆட்டக்கூட மேய்ச்சதில்லையே ஐயா."

"படத்துக்குத்தானே மேஸ்திரி. இந்தத் தூணையெல்லாம் கட்டின எல்லீனரோட, அந்தக் காலத்துக் கிரேக்கரோட வாரிசு நீங்கதானே?"

"நல்லா இருக்கே கதை! எல்லீனருங்க ராட்சசனுங்க, ஒவ்வொருத்தனும் மூணு ஆள் உசரம். இல்லாட்டி இந்தக் கல்ல எவன் தூக்கியிருப்பான்? நாங்க அந்த இனமே இல்ல, ரோமியருங்க, ஏசுவக் கும்பிடுற வேதக்காரங்க."

தீவில் எல்லோரும் நம்பியதும் அதைத்தான். ஆனாலும் மேஸ்திரி உட்கார்ந்தார். படம் கடல் கடந்து போகுமாம். கப்பலே ஏறாத மகள், தன் கோயிலோடு அதிலாவது போகட்டுமே என்றுதான் நான்கு நாள் அசையாமல் இருந்தார்.

ஐந்தாம் நாள் படத்தை எட்டிப் பார்த்தார். தூண்கள் இருந்தன, கடல் இருந்தது, அந்திவெயில் இருந்தது. கோயில் நின்ற இடத்தில் ஒரு முட்புதர்.

"என் கோயில் எங்க?"

"அது தூண மறைக்குது மேஸ்திரி. நேத்துக் கட்டினது. படத்தோட பழமையே கெட்டுடும்."

"அதுக்குள்ள என் பொண்ணு இருக்கா."

ஓவியர் புதரில் இன்னொரு முள்ளைத் தீட்டினார்.

"அப்ப என்னையும் அழிச்சிடுங்க."

ஓவியர் துணியை எடுத்து அழிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு மேஸ்திரி இறங்கிப் போனார்.

அதற்கு மூன்றாம் நாள் ஓவியரே வீடு தேடி வந்தார். "நீங்க இல்லாம தூணெல்லாம் குச்சி மாதிரி நிக்குது மேஸ்திரி. பக்கத்துல ஒரு ஆள் இருந்தாத்தான் அதோட உசரம் தெரியுது."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். மொதல்ல கோயில். அப்புறம்தான் நான்."

படத்தில் கோயில் கட்டைவிரல் நகமளவுக்கு, வெள்ளையாக எழுந்தது. பார்க்க மனைவி கருஃபாலியா குன்றேறி வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, புனிதப் படத்தின் முன் செய்வதுபோலவே குனிந்து அந்த வெள்ளையை முத்தமிட்டாள்.

"ஐயோ, ஈரம்!" என்று ஓவியர் அலறினார்.

அவள் நிமிர்ந்தபோது சுவரின் வெள்ளை உதட்டில் இருந்தது. படத்தில் வெறும் கறை. அவள் உதட்டைத் துடைக்கவில்லை.

மேஸ்திரிதான் பேசினார். "போனா என்ன ஐயா? ஈஸ்டருக்கு ஈஸ்டர் நான் வெள்ளையடிக்கிறேன். நீங்களும் இன்னொரு தடவ அடிங்க."

ஓவியர் தூரிகையை வெள்ளையில் தோய்த்தார். மேஸ்திரி போய், மகளின் வாசலை ஒட்டி உட்கார்ந்தார்.