சாக்பீஸ் நாடு மாறினார்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சாக்பீஸ் என்றால்தான் தெரியும். எந்த போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பும் அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை ஒரு கோடு இழுத்துவிடுவார். திரும்ப முடுக்கும்போது இரண்டு கோடும் சேர்ந்தால் பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் இருக்கும். சட்டை துவைக்கிற நாளெல்லாம் வீட்டில் பஞ்சாயத்துதான்.

கூட வேலை செய்கிற மெக்கானிக்குகள் அவரை ஓட்டாத நாளில்லை. "கல்யாணத்துக்கே கோடு போட்டுட்டுத்தான் தாலி கட்டினியாமே?" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். மனுஷனுக்கு ஒன்றே ஒன்றுதான் பயம்: செய்ததைத் திருப்ப முடியாமல் போவது. முடிவெட்டிக்கொள்ளப் போனால்கூட, "கொஞ்சமா எடுங்க, பத்தலைன்னா அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

மனைவி வெளிநாட்டில் ஒரு பெரிய ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்தாள். பிரசவத்துக்கு ஊருக்கு வந்துவிடுவதாகத் திட்டம். டிக்கெட் எடுப்பதற்குள் குழந்தை அவசரப்பட்டுவிட்டது. பெண் குழந்தை, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தாய்க்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விடும்வரை குழந்தை இருக்கும் அறைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு கேமரா உண்டு. அம்மாவும் அப்பாவும் அவரவர் போனில் ஒரு ஆப் வழியாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். அவள் கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் பார்த்தாள்.

"தூங்கினாதான் காய்ச்சல் எறங்கும்னு டாக்டர் திட்டுறாருங்க" என்றாள் போனில். "கண்ணை மூடினா பயமா இருக்கு. நான் பாக்காத நேரத்துல அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"நர்ஸ் இருக்காங்கள்ல?"

"நர்ஸ் எல்லாப் புள்ளையையும் பாக்குறாங்க. இவளை மட்டும் பாக்க ஒரு ஆள் வேணும்."

அங்கே ராத்திரி என்றால் இங்கே பகல். அவள் தூங்குகிற நேரத்தில் தான் முழித்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று நினைத்தார். அந்த ஆப் மட்டும் தன் போனில் இருந்தால் போதும். தேடிப் பார்த்தார். 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வந்தது. வீடியோ காலில் அவள் தன் திரையைக் காட்டிப் பார்த்தாள். அந்த ஆப்பைத் திறந்ததும் இவர் பக்கம் கறுப்பாகிவிட்டது.

நாடுதானே பிரச்சினை, மாற்றிவிடுவோம் என்று போனின் அமைப்புகளுக்குள் நுழைந்தார். நுழைவதற்கு முன்னால் வழக்கம்போல படுக்கையறைக் கதவின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதிவைத்தார்: மொழி இது, நாடு இது, நேரம் இது. பிறகு நாட்டை மாற்றினார். நாடு மாறினால் நேரமும் மாறவேண்டும்தானே என்று அதையும் மாற்றினார். மறுநாள் அலாரம் அடிக்கவில்லை. அந்த நாட்டில் இன்னும் விடியவில்லை, அது ஏன் அடிக்கப்போகிறது? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாகத் தாமதமாகப் போய் நின்றவரை, வழக்கமாக லிஃப்ட் பார்க்கப் போகும் அடுக்குமாடியின் வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்து, "என்ன சாக்பீஸண்ணே, இன்னிக்கு சூரியனே லேட்டா?" என்றார். ஆப் மட்டும் இன்னும் கிடைக்காது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

சாயந்தரம் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, போன் கவர் விற்கும் கடை வைத்திருப்பவன். கவர் விற்பதால் போனுக்கு உள்ளே இருப்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, நீங்க மாத்தினது போனோட நாடு. ஆப் கடைக்கு வேற நாடு இருக்கு."

"ஒரு போனுக்கு எத்தனை நாடு மச்சான்?"

"அந்தக் கடையோட நாட்டை மாத்தணும்னா அந்த நாட்டு பேங்க் கார்டு வேணும், அக்காவோட கார்டு நம்பரைப் போடணும். போட்டா மாறிடும். ஆனா ஒண்ணு, ஒரு தடவை மாத்தினா ஒரு வருஷத்துக்குத் திரும்ப மாத்த முடியாது."

சாக்பீஸின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"உன் போன்ல மாத்திக் குடேன்" என்றார்.

மச்சானின் முகம் சுருங்கியது. "போன மாசம்தான் ஒரு கேமுக்காக நாடு மாத்தினேன் மாமா. இனி அடுத்த வருஷம்தான்."

அடுப்படியிலிருந்து அத்தையின், அதாவது அவர் மாமியாரின், குரல் வந்தது. "நாடு விட்டு நாடு போய் விளையாடினியா? உனக்கு இங்க விளையாட எடமா இல்ல?" அத்தையின் போன் வெறும் பட்டன் போன். அதில் எந்த நாடும் கிடையாது.

ஆப் கடையில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கியும் பார்த்தார்கள். அது மனைவியின் கார்டை ஏற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பழைய கணக்கு மட்டும்தான் சம்மதித்தது. அந்தப் பழைய கணக்கில்தான் கம்பெனி ஆப்பும் இருந்தது. எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட், என்ன கோளாறு என்று தினம் அதில்தான் வேலை வரும்.

மறுநாள் காலையில், வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் மேடத்திடம் போய் விஷயத்தைச் சொன்னார். அந்தம்மா கணினியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"மாத்தினா நம்ம ஆப் இப்போதைக்கு ஓடும். அடுத்த அப்டேட் வந்தா பழசு திறக்காது. புதுசு உங்களுக்கு இறங்காது. உங்களை வேற கணக்குல சேக்கணும்னா ஹெட் ஆபீஸ் மனசு வைக்கணும், ஏற்கெனவே மூணு பேர் காத்திருக்காங்க. ஆப் இல்லாட்டி வேலை வராதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மேடம்."

"நல்லா யோசிச்சுக்கோங்க."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு யோசித்தார். 'ஒரு வருடத்துக்கு மீண்டும் மாற்ற இயலாது' என்று எழுதியிருந்தது. கையில் சாக்பீஸை எடுத்தும் விட்டார். கோடு போட இடமில்லை. கண்ணாடித் திரை வழவழவென்றிருந்தது. இத்தனை காலம் எத்தனையோ லிஃப்ட்டைப் பிரித்து மாட்டியவருக்கு ஒரு பொத்தானைத் தொட மனம் வரவில்லை. அத்தை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பாத்திரம் கழுவிய ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லை.

அந்த நேரம் மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் கம்மிப்போயிருந்தது. "இன்னும் காய்ச்சல் விடலைங்க" என்றாள்.

அழைப்பு முடிந்ததும் பொத்தானை அழுத்திவிட்டார்.

ஆப் இறங்கியது. மனைவி அனுப்பிய கடவுச்சொல்லைப் போட்டதும் திரை ஒருமுறை வெளுத்து, பிறகு குழந்தை தெரிந்தது. போட்டோவில் பார்த்த குழந்தைதான். ஆனால் போட்டோவில் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. இங்கே ஏறி இறங்கியது. அவர் வாய்விட்டு அழுதார். அத்தையும் அழுதார். மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய் நின்றான்.

"நீ தூங்கும்மா. நான் பாத்துக்கிறேன்" என்று மனைவியிடம் சொன்னார்.

"கண்ணை எடுக்க மாட்டீங்கல்ல?"

"எடுக்க மாட்டேன்."

லீவே எடுக்காத மனுஷன் ஒரு வாரம் லீவு போட்டார். மேசை மேல் டம்ளரில் சாய்த்துவைத்த போனுக்கு முன்னால் உட்கார்ந்தே சாப்பிட்டார். குளிக்கப் போகும்போது அத்தையைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். மனைவி எழுந்ததும் முதல் கேள்வி, "என்ன பண்ணா?" என்பதுதான். அவர் ஒப்பிப்பார்: கொட்டாவி விட்டாள், இடது காலை உதைத்தாள், குல்லா நழுவியது, நர்ஸ் வந்து சரிசெய்தார். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே மறுபடி தூங்கிப்போனாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், சாயந்தர ஷிஃப்ட். வழக்கமாகப் போகும் அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கருவிப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கம்பெனி ஆப்பைத் திறந்தார். அப்டேட் செய்யச் சொன்னது. செய்யப் போனால், 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்றது. வரும் என்று தெரிந்ததுதான். மேடத்துக்குப் போன் போட்டார்.

"லிஸ்ட்ல உங்க பேரே காணோம்" என்றார் மேடம். "ஹெட் ஆபீஸுக்கு எழுதியிருக்கேன், எப்ப செய்வாங்கன்னு தெரியாது. இந்த மாசம் நானே வாயால சொல்றேன். அடுத்த மாசத்துக்கு என்னால உறுதி சொல்ல முடியாது. எழுதிக்கோங்க."

அவர் தரையில் குந்தி, சிமெண்ட் மேல் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். நாலாவது மாடி, கதவு மூட மறுக்கிறது.

மேலே போகுமுன் பழக்கதோஷத்தில் அந்த இன்னொரு ஆப்பைத் திறந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்கிற வட்ட ஓட்டை திறந்தது. நர்ஸ் என்று நினைத்தார். உள்ளே வந்த கையில், கட்டைவிரலுக்குக் கீழே இஸ்திரிப்பெட்டி சுட்ட பழைய தழும்பு இருந்தது.

ஊரில் இருந்தபோது சுட்டது. அன்று அதற்கு மருந்து தடவியது அவர்தான்.

அந்தக் கை குழந்தையின் கைக்குப் பக்கத்தில் தயங்கி நின்றது. குழந்தை அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மாஸ்க் போட்ட முகம் ஒன்று கேமராவை நிமிர்ந்து பார்த்தது. ஆப்பில் சத்தம் கிடையாது. அவள் இன்னொரு கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் காட்டினாள். தூங்கிட்டேங்க, நல்லாத் தூங்கிட்டேன்.

வாட்ச்மேன் வந்து, "என்னண்ணே, லிஃப்ட்டு எப்ப ஓடும்?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். சாக்பீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பைக்குள் போட்டார். காய்ச்சல் விட்டுவிட்டது, இனி அவள் பார்த்துக்கொள்வாள். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடிக்குப் படியேறினார்.