லேத்துப் பட்டறையில் சமூசா வாசம்

என்னைப் புத்தளம் பக்கம் அனுப்பி வைத்தவை எறும்புகள். கொழும்பில் நான் வேலை பார்க்கும் வாகன உதிரிப்பாகக் கம்பனிக்கு வந்த ஒரு பெட்டியைக் களஞ்சியக்காரர் திறந்தபோது, வால்வு கைட்டுகளோடு சிற்றெறும்புப் படை ஒன்றும் இறங்கியது. வால்வு கைட் என்பது விரல் நீளப் பித்தளைக் குழாய். எஞ்சினின் வால்வு அதற்குள்தான் மேலும் கீழும் ஓடும். அதில் எறும்புக்கு என்ன வேலை என்று முதலாளி கேட்டார். இந்தப் பாகங்களைக் கடையும் பட்டறைகள் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் இருக்கின்றனவா என்று பார்த்துப் படிவம் நிரப்புவது என் தொழில் என்பதால், கேள்வி என் மேசைக்கு வந்து சேர்ந்தது. படிவம் சரியாக இருந்தால்தான் பட்டறைக்கு அடுத்த ஓடர் போகும்.

காலை 4.45, வெள்ளவத்தை. குளிப்பதற்காக என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். அது கிழட்டு மோட்டார். ஓடினால் கட்டடமே தடதடக்கும். மூன்றாம் மாடியில் இருக்கும் வங்கி உத்தியோகத்தர் விடியற்காலையில் உடற்பயிற்சி இயந்திரத்தில் ஏறி ஓடுகிறார், அதுதான் சத்தம் என்று குடியிருப்பாளர் கூட்டத்தில் ஒருமுறை அவரைப் பிடித்து ஏசினார்கள். மனிதர் இயந்திரத்தை விற்றே விட்டார். சத்தம் நிற்கவில்லை. இப்போது வெறுங்காலோடு குதிக்கிறார் என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். எனக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது.

5.40, புறக்கோட்டை. புத்தளம் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் பயணம். இருநூறு ரூபாய் கொடுத்தேன். மிச்சம் பிறகு தருவதாக நடத்துநர் சொன்னார். எனக்குப் பின்னால் ஏறியவர்களுக்கும் அதையேதான் சொன்னார். சிலாபத்தில் முன்னேஸ்வரத்துக்குப் போகும் கூட்டம் இறங்கியபோது இருக்கை கிடைத்தது. மடியில் மனைவி கட்டித் தந்த சோற்றுப் பார்சல் சூடாக இருந்தது. கத்தரிக்காய்ப் பொரியல், முட்டை, சம்பல். ஒரு மணிக்குத் திறப்பதாக எனக்கு நானே வாக்குக் கொடுத்துக்கொண்டேன்.

9.50, பாலாவிச் சந்தி. தேத்தண்ணிக் கடையைத் தேடினேன். மூடியிருந்தது. பக்கத்துக் கடையும் மூடியிருந்தது. ஓட்டோவில் சாய்ந்திருந்த ஃபாசில் என்ற சாரதி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சேர் நோன்பெண்டு தெரியாம வந்தீங்களா? இண்டைக்கு எட்டாம் நோன்பு."

புறப்படுமுன் நாட்காட்டியில் பௌர்ணமி, வங்கி விடுமுறை எல்லாம் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை. பார்சலை மெதுவாகப் பைக்குள் தள்ளினேன்.

கற்பிட்டி வீதியில் ஏழு கிலோமீற்றர், முந்நூற்றைம்பது ரூபாய். இருபுறமும் மணல், வெங்காயப் பாத்திகள், தென்னை. பட்டறையின் பெயரைச் சொன்னதும் ஃபாசில் குரலைத் தாழ்த்தினார். ஓட்டோவில் நாங்கள் இருவர்தான் இருந்தோம், ஆனாலும் தாழ்த்தினார்.

"அந்தப் பட்டறைக்குப் பக்கத்து வீட்டுத் தாத்தாவப் பத்தித்தான் சேர் ஊரெல்லாம் கதை." தாத்தா என்றால் இங்கே அக்கா; சித்தி என்பது உறவல்ல, பெயர். "சித்தி நளீமா. நோன்புக்குப் பின்னேரத்தில சமூசா விக்கிறவ. இந்த வருசம் காலையிலயே பொரிக்கத் தொடங்கிட்டாவாம். நோன்பு பிடிக்காதவங்களுக்குப் பின்வாசலால குடுக்கிறாவாம். நான் கண்ணால காணல்ல சேர். மூக்கால கண்டன்."

10.20. இறங்கியதும் நானும் மூக்கால் கண்டேன். சுடச்சுடப் பொரிக்கிற எண்ணெயின் வாசம், குறுகிய தெருவான அந்த ஒழுங்கை முழுக்க நின்றது. வாசம் வந்த திசையில் போனேன். அது பட்டறைக்குள் போனது.

உள்ளே நான்கு பேர் வேலை செய்தார்கள். இரண்டு லேத்துகள் சுழன்றன. வெட்டும் இடத்தில் எண்ணெய் சொட்டி, சூட்டில் மெல்லிய புகை எழும்பியது. உரிமையாளர் நிஸ்தார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்து, இங்கே லேத்து பழகி, சொந்தப் பட்டறை போட்ட மனிதர். அகலமான உடம்பு, சின்னக் குரல்.

"தேங்காயெண்ணெய் சேர்," என்றார், நான் கேட்க முதலே. "போன நோன்பு முடியிற வரைக்கும் பரல்ல வாற மெசின் ஓயில் ஊத்தித்தான் வெட்டினம். கறுத்துப் போனா பின்னால மணல்ல ஊத்துவம். இப்ப அது ஒரு துளியும் இல்ல."

சுற்றிக் காட்டினார். கடையும்போது சொட்டும் எண்ணெயைத் துணியில் வடித்துத் திரும்ப ஊற்றுகிறார்கள். பித்தளைச் சுருள்களைப் பிழிந்து மூட்டை கட்டி உருக்குவதற்குத் திருப்பி அனுப்புகிறார்கள். முன்பு பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவினார்கள். இப்போது சவர்க்காரத் தண்ணீர். பின்பக்க மணலைக் கையால் கிளறிப் பார்த்தேன். வெள்ளை மணல். எறும்பு விஷயத்தையும் ஒப்புக்கொண்டார்: அவசரத்தில் ஒரு பெட்டிப் பாகங்களை எண்ணெய் போகக் கழுவாமல் கட்டிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் இவ்வளவு துப்புரவான பட்டறையை நான் கண்டதில்லை. அதைச் சொல்லியும் விட்டேன். அவர் முகம் மலரவில்லை.

படிவத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அயலவர் ஒருவரின் கையொப்பம் வேண்டும்: புகை, சத்தம், துர்நாற்றம், கழிவுநீர் ஆகியவற்றால் தொந்தரவு இல்லை. ஒரு பக்கம் வெறும் காணி. மறுபக்கம் சித்தி நளீமா.

"அவ போடமாட்டா சேர்," என்றார் நிஸ்தார். "போடாட்டி ஓடர் இல்லையா?"

"இல்லை."

"ஐநூறு கைட். பெருநாளுக்கு முந்திக் குடுக்கோணும். அது இல்லாட்டி இந்த நாலு பேரையும் வீட்ட அனுப்பத்தான் வேணும்."

11.30. வேலிக்கு அப்பால் போனேன். சித்தி நளீமாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், என் கையிலிருந்த படிவத்தைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"கையொப்பமா? போடலாம். முதல்ல என்ட அடுப்பத் தொட்டுப் பாருங்க சேர்."

தொட்டேன். சாம்பல் குளிர்ந்து கிடந்தது.

"இந்தக் கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதந்திச்சு. ஒரு வாளி அள்ளிக்கொண்டு போய் அவர்ட லேத்துக்கு முன்னால வச்சு, இதில தேத்தண்ணி ஊத்தித் தாறன், குடிப்பீங்களாண்டு கேட்டது நான். தேங்காயெண்ணெய்க்கு மாறுங்கண்டு சொன்னதும் நான். மாறினாரு. தண்ணியும் தெளிஞ்சிட்டு. இப்ப அந்த வாசத்துக்கு என்னைக் கள்ளியாக்கிட்டாங்க. ஒழுங்கையில ஒருத்தரும் என்னோட கதைக்கிறதில்ல. பொரிச்ச சமூசாவ மூணு நாளா கோழிக்குப் போடுறன். எட்டு நாளா நிஸ்தார் நானாக்கு எல்லாம் தெரியும். வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா, கேளுங்க."

நானா என்றால் இங்கே அண்ணன். அவர் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை மடித்தேன்.

திரும்பி வந்து கேட்டேன். நிஸ்தார் ஒரு வால்வு கைட்டை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சொல்லலாம்தான் சேர். சொன்னா பள்ளியில என்ன சொல்லுவாங்க? நோன்பு மாசத்தில பகல்ல ஊரை எச்சில் ஊற வைக்கிறியா, பெருநாள் வரைக்கும் மூடு எண்டுவாங்க. மூடினாலும் ஓடர் போச்சு. பழைய ஓயில ஊத்தி இந்த மாசத்த ஓட்டலாமெண்டும் நினைச்சன். ஒரு பரல் இரிக்கி. தொட மனசு வரல்ல. அவ வாளியோட வந்து நிண்டது கண்ணுக்குள்ளயே நிக்கிது."

சொன்னால் மரைக்கார்மார் பட்டறையை மூடச் சொல்லலாம். சொல்லாவிட்டால் கையொப்பம் இல்லை. மரைக்கார்மார் என்பவர்கள் பள்ளிவாசலின் நிர்வாகிகள். இரண்டு பக்கமும் அடி விழும் மத்தளம் மாதிரி மனிதர் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தென்னைகளுக்கு மேலே தெரிந்தது. நானோ ஒழுங்கை ஒன்றின் சமூசா வாசத்துக்குப் படிவத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

1.00. பார்சலுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. தென்னைக்குப் பின்னால் போய்த் திறக்கலாமா என்று யோசித்தேன். "சாப்பிடுங்க சேர், எங்களுக்குக் கோவமில்ல," என்றார் ஒரு தொழிலாளி. அவர் அப்படிச் சொன்ன பிறகு எப்படிச் சாப்பிடுவது? எனக்கும் அன்று நோன்பு என்று அறிவித்தேன். ஸஹர், அதாவது விடியுமுன் சாப்பாடு, சாப்பிட்டீங்களா என்று கேட்டார்கள். பஸ்ஸில் இரண்டு பிஸ்கற் என்றேன். சிரிப்பை மறைக்க ஒருவர் லேத்துக்குப் பின்னால் குனிந்தார்.

3.50. பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். நிஸ்தார் எழுந்து பள்ளிவாசல் பக்கம் நடந்தார். பத்து நிமிடத்தில் திரும்பினார். பின்னால் மரைக்கார் ஒருவர். அவருக்குப் பின்னால் வேறு வேலை இல்லாத பதினைந்து பேர், ஃபாசிலும் சேர்த்து.

"இந்தா மரைக்கார்," என்றார் நிஸ்தார். சின்னக் குரல் அன்று ஒழுங்கை முழுக்கக் கேட்டது. "எட்டு நாளா மணத்தது என்ட லேத்து. சித்தி தாத்தாட அடுப்பு இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தன். அது என்ட பிழை."

லேத்தைப் போட்டார். பித்தளை சுருள் சுருளாக உதிர்ந்தது. வாசம் எழும்பியது. பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் எச்சில் விழுங்க நினைத்து, விழுங்காமல் நின்றார்கள்.

"சமூசா மணம்தான்," என்றார் ஒருவர்.

"இல்ல, மீன் கட்லட்."

"வாப்பா, இது ரோல்ஸ். ரோல்ஸ் எனக்குத் தெரியாதா?"

மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. அவரவர் வீட்டில் அன்று எதை எதிர்பார்த்தார்களோ அதுதான் அவரவர் மூக்கில் ஏறியது. மரைக்கார் மட்டும் கட்சி சேரவில்லை. மெல்ல நடந்து வேலியைத் தாண்டி, சித்தி நளீமாவிடம் சலாம் சொல்லி அனுமதி கேட்டு, முழங்கை வரை சட்டையை மடித்து, குளிர்ந்த அடுப்புச் சாம்பலுக்குள் கையை விட்டார். வெளியே எடுத்து எல்லாருக்கும் காட்டினார். கை சுடவில்லை; குளிர்ந்த சாம்பல் பூசி வெள்ளையாக இருந்தது.

"சித்தி நளீமாட பேரைக் கெடுத்தவங்க எல்லாரும் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்க," என்றார். பிறகு நிஸ்தாரிடம் திரும்பினார். ஐநூறு கைட்டும் நான்கு பேரும் அந்த ஒரு வாய்க்குள் இருந்தார்கள்.

"லேத்த நிப்பாட்டச் சொல்லமாட்டன். நாலு வீட்டு அடுப்பு எரியுது. ஆனா பகல்ல வேணாம். விடிய சுபஹ் தொழுகைக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலம் ஓட்டுங்க; ஸஹர் சாப்பிட்ட வயிறு, ஒருத்தருக்கும் ஆசை வராது. அஸருக்குப் பிறகு நோன்பு திறக்கிற வரைக்கும் ஓட்டுங்க. அப்ப ஊரே பொரிக்குது, உங்கட மணம் ஆருக்குத் தெரியப் போகுது?"

நிஸ்தார் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். ஐநூறும் பெருநாளுக்கு முதல் நாள் முடியும். தொழிலாளிகளில் ஒருவர் சத்தமாகவே அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. எண்ணெய்ப் புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

5.30. சித்தி நளீமா மேசையை ஒழுங்கையில் போட்டார். வெட்கமா, பசியா தெரியாது, வரிசை மூலை வரை நின்றது. முன்னால் ஃபாசில். வாங்கிய சமூசாப் பார்சலோடு என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

6.30. நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் என் வாழ்நாளில் அப்படி இனித்ததில்லை. நிஸ்தார் முதல் கோப்பைக் கஞ்சியைத் தான் குடிக்காமல் எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார். படிவத்தோடு நானும் போனேன்.

கோப்பையை வாங்கிப் பார்த்தார் சித்தி நளீமா.

"எட்டு நாள் பேசாம இருந்ததுக்கு ஒரு கோப்பைக் கஞ்சி காணுமா நானா?"

"காணாதுதான்."

"மிச்ச நோன்பு பூராவும் கொண்டு வாங்க. இறைச்சி போட்டு."

"இன்ஷா அல்லாஹ்," என்றார் அந்த அகலமான மனிதர், பள்ளிப் பிள்ளையைப் போல.

பிறகு சித்தி நளீமா படிவத்தை வாங்கினார். துர்நாற்றம் உண்டா, ஆம் அல்லது இல்லை என்று கோடிட்டிருந்த இடத்தில் பேனை நின்றது. இரண்டையும் வெட்டிவிட்டு ஓரத்தில் எழுதினார்: நல்ல வாசம், அதுதான் கரைச்சல், கிணறு துப்புரவு. கீழே கையொப்பம். இத்தனை வருடத்தில் என் படிவம் ஒன்றில் எழுதப்பட்ட முதல் உண்மையான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

புறப்படும்போது ஆறு சமூசாவைத் தாளில் சுற்றித் தந்தார். "வீட்டுக்கு," என்றார். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நீர்கொழும்பு வரை என் சட்டையை முகர்ந்துகொண்டே வந்தார். நானோ அந்தப் பொட்டலத்தைத் திறக்கவில்லை. காலையில் பார்சலோடு வந்த மனிதன் வேறு, இந்த மனிதன் வேறு என்று பெருமையடிக்க வரவில்லை. அந்தச் சமூசா யாருக்கு என்று பாலாவி தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் பசி போய்விட்டது.

மறுநாள் காலை 7.00, வெள்ளவத்தை. மோட்டாரைப் போடவில்லை. பொட்டலத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டினேன். வங்கி உத்தியோகத்தர் திறந்தார். சத்தம் என் மோட்டார் என்றேன். கூட்டத்திலேயே எனக்குத் தெரியும் என்றேன். மன்னிக்க வேண்டும் என்று சொல்லிப் பொட்டலத்தை நீட்டினேன்.

அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"எவ்வளவு நாளாகத் தெரியும்?"

"ஒன்றரை வருடமாக."

அவர் தாளைப் பிரித்துச் சமூசாக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "ஒன்றரை வருடத்துக்கு ஆறு போதுமா?"