“இந்தா!” என்ற குரல்

“இந்தா!” என்று கத்தியபடி பஞ்சாப் பெண் ரிலே பேட்டனை நீட்டினாள். இந்தியப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்ததும் நான் சொல்லிக்கொடுத்த சொல் அது. அதைக் கேட்டால் எனக்குத் திருவண்ணாமலைதான்.

தேரடிக்குப் பின்னால் எங்கள் சந்து. தீபத்துக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டால் தண்ணீர் லாரி முனையிலேயே நின்றுவிடும். சந்துப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்ச தூரம் குடத்தோடு ஓடி, “இந்தா!” என்று அடுத்தவள் இடுப்புக்கு மாற்றுவார்கள். சிந்திய தண்ணீரில் சந்தே வழுக்கும். காற்றெல்லாம் அகல் எண்ணெய் வாசனை. அம்மா யாரையும் ஒரே இடத்தில் நிற்கவிடமாட்டாள்.

“நேத்து நின்ன எடத்துலயே ஏன்டி நிக்கிற? நாளைக்கி கோமதி ஊருக்குப் போயிட்டா, அவ எடத்துல யாரு ஓடறது?”

ஒரு தீபத்தின்போது அம்மாவே காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கிடந்தவள், கடைசிக் குடம் வந்து சேர்ந்ததும், “நான் இல்லாமயே ஆயிடுச்சு பாருடி” என்று சிரித்தாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இன்று பந்தயத்துக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் அணியின் வேகமான பெண்ணுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அவள் இடத்துக்கு யார் என்று கேட்டபடி திரும்பினேன்.

மாற்று ஆட்களின் பெஞ்ச் காலியாக இருந்தது. அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.