பதினேழாம் விதி

நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர், தேர்வுப் பிரிவு. நடுவில் ஒரு சாலைதான். அவள் மேசை ஜன்னலோரம் இருப்பதால் கடையில் கூட்டமா, நான் சும்மா உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேனா என்பதெல்லாம் அங்கிருந்தே தெரிந்துவிடும். சாயங்காலம் வீட்டில் பொய் சொல்ல வழியில்லை.

எங்கள் பழக்கமே ஒரு புத்தகத்தில்தான் ஆரம்பித்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தேர்வு வாரியத்தின் விதித் தொகுப்பைக் கொண்டுவந்து கல்லாமேசையில் வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"இது முழுசும் ஒரு காப்பி வேணும்."

"முழுசுமா? எந்தப் பக்கம் தேவைன்னு சொன்னா அதை மட்டும் எடுத்துத் தரேன்."

"எது தேவைன்னு முழுசும் படிச்சாத்தானேங்க தெரியும்."

அந்த அலுவலகத்தில் அதற்குமுன் இருந்தவர்கள் யாரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தேன். பிரிக்கப் பிரிக்கப் பேச்சு வளர்ந்தது. மறுவருஷம் கல்யாணம்.

அவளுக்கு அந்தப் புத்தகத்தின்மேல் ஏன் அத்தனை பிடிப்பு என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். அவள் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருஷம் கணக்கில் நான்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. மற்றதெல்லாம் நல்ல மதிப்பெண். பள்ளிக்குப் போய்க் கேட்டபோது அலுவலகத்தில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஒண்ணுல போனா எல்லாம் போச்சு, அடுத்த வருஷம் ஆறையும் எழுதணும்" என்று சொல்லியிருக்கிறார். இவளும் நம்பிவிட்டாள். வீட்டில் இன்னொரு வருஷம் படிக்கவைக்க வசதி இல்லை. தையல் ஆலையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்தாள். நான்கு வருஷம் கழித்து, பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்த பெண் ஒரே ஒரு பாடத்துக்கு மறுதேர்வு எழுதப்போவதாகச் சொன்னபோதுதான் இவளுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு பாடம், இரண்டு பாடம் போனால் ஆறே வாரத்தில் அதை மட்டும் எழுதலாம் என்பது எப்போதும் இருந்த விதி. அந்த மனிதருக்குத் தெரியவில்லை, அல்லது எழுந்துபோய்ப் பார்க்கச் சோம்பல். இவள் கணக்கை எழுதினாள், எழுபத்தொன்று வாங்கினாள்.

"நாலு மார்க்குல போனது எனக்கு வருத்தமில்லீங்க. அது என் தப்பு. நாலு வருஷம் போச்சே, அது யார் தப்பு?" என்று கேட்டாள்.

ஆகவே, இவள் மேசைக்கு வருகிற பிள்ளை எதைக் கேட்டாலும் புத்தகத்தைத் திறந்து, விரலை வரியில் வைத்து, சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பதில் சொல்வாள். பிள்ளைகள் அவளுக்கு "விதி மேடம்" என்று பெயர் வைத்தார்கள். அவள் காதிலும் விழுந்தது. கண்டுகொள்ளவில்லை.

இரக்கம் காட்டுவாள், சலுகை காட்டமாட்டாள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் மகன் அதே பள்ளியில் இறுதியாண்டு படித்தபோது வருகைப் பதிவு எழுபத்துநாலரை சதவீதத்தில் நின்றது. எழுபத்தைந்து வேண்டும். பந்து விளையாடப் போய்விட்டான் பிள்ளை.

"அரை சதவீதம்தானே, உன் கையில இருக்கிற பதிவேடுதானே" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எழுபத்தஞ்சுன்னா எழுபத்தஞ்சுதாங்க. எழுபதுக்கு மேல இருக்கிறவங்க மறுதேர்வோட சேர்ந்து எழுதலாம்னு விதி இருக்கு. எழுதட்டும்."

அவனுடைய நண்பர்கள் மார்ச்சில் எழுதினார்கள், இவன் ஜூனில் எழுதினான். நான்கு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவளும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் தினமும் சாயங்காலம் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வைத்தாள். இப்போது அவன் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். அம்மாவைப் பற்றி யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போய்விடுவான்.

நான் சொல்லவந்தது போன வருஷம் நடந்தது.

தேர்வு முடிவு ஒரு திங்கட்கிழமை வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஒரு மாணவியும் அவள் அம்மாவும் என் கடைக்கு வந்தார்கள். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. கைவிரல் எல்லாம் சோடாவில் ஊறி வெளுத்திருந்தது. முடிவுத்தாளுக்கு ஒரு நகல் கேட்டார்கள். நகல் எடுக்கும்போது பார்த்தேன். மொழிப்பாடம், கணக்கு எல்லாம் நல்ல மதிப்பெண். அறிவியல் எழுத்துத் தேர்வில் எண்பதுக்கு ஐம்பத்தெட்டு. செய்முறைத் தேர்வுக்கு நேராக "வரவில்லை" என்று இருந்தது. அதனால் கீழே "தேர்ச்சி இல்லை".

"செய்முறைக்கு ஏம்மா போகல?"

"அன்னைக்குக் காலைலதான் குடல்வால் ஆபரேஷன். தையல் பிரிக்கறதுக்கு முன்னாடியே மத்த பரீட்சையெல்லாம் போய் எழுதினேன்" என்றாள் அந்தப் பெண். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஆறு வாரத்தில் வரும் மறுதேர்வு எழுத்துத் தேர்வுக்கு மட்டும்தான், செய்முறைக்குத் தனியாக வாய்ப்பு கிடையாது, போன வருஷமே அதை ரத்துசெய்து சுற்றறிக்கை வந்துவிட்டது, அடுத்த வருஷம் மறுபடி எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா அந்த நகலை மடித்துக்கொண்டே, "விடுங்கய்யா. அவ தலைவிதி அப்படி" என்றார்.

நான் சாலையைக் கடந்து என் மனைவியைக் கூட்டிவந்தேன். அவள் முடிவுத்தாளை வாங்கிப் பார்த்தாள்.

"விதிதாம்மா. ஆனா எந்த விதின்னு பாக்கணும். ஆஸ்பத்திரிச் சீட்டு வெச்சிருக்கீங்களா?"

"இருக்குங்க மேடம்."

"பத்திரமா வெச்சுக்கங்க. திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

அவர்கள் போனபிறகு அவள் முகம் சரியாக இல்லை. என்னிடம் சொன்னாள். பதினேழாம் விதியின் இரண்டாம் உட்பிரிவுப்படி, உடம்பு சரியில்லாமல் செய்முறையைத் தவறவிட்டவர் முடிவு வந்த பத்து நாளுக்குள் விண்ணப்பித்தால் வேறொரு மையத்தில் செய்துகாட்டலாம். ஆனால் அந்த உட்பிரிவு நீக்கப்பட்டதாகச் சுற்றறிக்கை வந்தது உண்மை. அதைக் கோப்பில் போட்டதே அவள்தான்.

"அந்தச் சுற்றறிக்கையைக் கொண்டா, பார்ப்போம்" என்றேன். எனக்கு விதி தெரியாது. சும்மா ஆறுதலுக்குக் கேட்டேன்.

கோப்பிலிருந்து எடுத்துவந்தாள். மாவட்டத் தேர்வு அலுவலகத்தின் முகப்புக் கடிதம் ஒன்று, அதோடு பின் அடித்த ஒற்றைத் தாள். மூன்று பத்திகள். மூன்றாவது பத்தியில் உட்பிரிவு நீக்கம். அவ்வளவுதான். அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். வரிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ அழுக்குப்போல மங்கலாகத் தெரிந்தது. சாதாரண ஆள் பார்த்தால் இயந்திரம் சரியில்லை என்று நினைப்பான். முப்பது வருஷமாக இதே வேலை செய்கிறவனுக்கு அது அழுக்கு இல்லை.

"இது நகல்தானே?"

"ஆமா. அவங்க ஆபீஸ்ல எடுத்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பினது."

"இதோட மூலத்துல பின்பக்கமும் எழுத்து இருக்கு. மெல்லிசுத் தாளை மை அதிகமா வெச்சு எடுத்தா பின்பக்கத்து எழுத்து இப்படி நிழல் விழும். பாரு, எல்லாம் இடவலம் மாறி இருக்கு. முன்பக்கத்தை மட்டும் எடுத்துட்டு விட்டுட்டாங்க."

தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடியில் காட்டிப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் படிக்க வரவில்லை, ஆனால் நான்கு எழுத்து வரிசைகள் இருப்பது தெரிந்தது.

"ஒரு வருஷமா இது என் கோப்புல இருக்கு. நானே பாக்கல" என்றாள்.

"நீ என்ன ஜெராக்ஸ் கடையா வெச்சிருக்கே?"

அவள் சிரிக்கவில்லை. சனியும் ஞாயிறும் வீட்டில் விதிப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தையல் ஆலை அவள் நினைவுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் கிளறவில்லை.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினாள். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் கூடப்போனேன். இரண்டாவது மாடி, நீளமான தாழ்வாரம், சுவரோரம் கயிறு கட்டிய கோப்புகள். அங்கே இருந்த உதவியாளர் முதலில் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அந்த விதி போயிடுச்சும்மா. போன வருஷமே போயிடுச்சு."

"போன விதம் பாக்கணும் சார். மூலத்தைக் காட்டுங்க."

"மூலமெல்லாம் காட்ட முடியாது."

"தொண்ணூத்தாறாவது விதி, தேர்வு சம்பந்தமான சுற்றறிக்கையோட மூலத்தைப் பள்ளி கேட்டா காட்டணும். படிக்கவா?"

புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள். என் கடையில் நகலெடுத்து, நான் தைத்துக்கொடுத்த அதே புத்தகம். உதவியாளர் அவளையும் அதையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தேர்வு அலுவலரின் அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

அலுவலர் ஓய்வுபெறும் வயதில் இருந்தார். பொறுமையாகக் கேட்டார். மூலத்தைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது, மெல்லிய தாள். அவரே அதைத் திருப்பினார். பின்பக்கத்தில் நான்காவது பத்தி இருந்தது. அதை அவர் முதலில் மனதுக்குள் படித்தார், பிறகு வாய்விட்டுப் படித்தார். இந்தத் திருத்தம் இனிச் சேரும் மாணவர்களுக்கு மட்டுமே பொருந்தும், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குப் பழைய விதியே தொடரும்.

தாளை மேசைமேல் வைத்தார்.

"பின்பக்கம் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"இவர் பார்த்துச் சொன்னார் சார்" என்று என்னைக் காட்டினாள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அலுவலர் பேனாவை எடுத்தார். "சரிம்மா. உங்க மாணவியோட விண்ணப்பத்தைக் குடுங்க, நானே கையெழுத்துப் போட்டுடறேன்."

நான் எழுந்துவிட்டேன். வந்த வேலை முடிந்ததே. அவள் எழுந்திருக்கவில்லை.

"மத்த பள்ளிங்களுக்கு சார்?"

"அவங்க யாரும் கேக்கலையேம்மா."

"கேக்கலாம்னு தெரிஞ்சாத்தானே சார் கேப்பாங்க. எல்லாருக்கும் முன்பக்கம் மட்டும்தான போயிருக்கு. எத்தனை பிள்ளைங்க இப்படி வீட்ல உக்காந்திருக்கோ. பத்து நாள் வியாழக்கிழமையோட முடியுது."

"கடிதம் அடிச்சு, தபால்ல போய்ச் சேரவே நாலு நாள் ஆகும்."

"போன் இருக்கே சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவளைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மேசையிலிருந்த தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார். உதவியாளரைக் கூப்பிட்டுப் பள்ளிகளின் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். ஐம்பத்து மூன்று பள்ளி. உதவியாளர் ஒரு பாதி, இவள் ஒரு பாதி. நான் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பள்ளியிலும் செய்முறைக்கு வராமல்போன பிள்ளைகளின் கணக்கைக் கேட்டு, விதியைப் படித்துக்காட்டி, கடைசி நாளைச் சொல்லி, பதிலுக்குத் திரும்பச் சொல்லவைத்தாள். நாலரை மணிக்கு அவள் தொண்டை கட்டிவிட்டது. உதவியாளரே போய்த் தேநீர் வாங்கிவந்து கொடுத்தார்.

மாவட்டம் முழுவதும் இருபத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். வியாழக்கிழமைக்குள் இருபத்துநாலு விண்ணப்பம் வந்துசேர்ந்தது. இரண்டு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. குடும்பத்தோடு வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டார்களாம். அந்த இரண்டு பெயரையும் அவள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். பத்து நாள் கடந்துவிட்டாலும் அடுத்த வருஷத் தேர்வில் செய்முறையைச் செய்துகாட்ட அவர்களுக்கு வழி இருக்கிறதாம். இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

செய்முறைத் தேர்வு ஒரு சனிக்கிழமை நடந்தது. சலவைக்கூடத்து அம்மா விடுப்புப் போட்டுவிட்டு மகளோடு மையத்துக்குப் போனாராம். அந்தப் பெண் கொடுத்த உப்பு எதுவென்று சோதித்துச் சரியாகக் கண்டுபிடித்து, இருபதுக்குப் பதினேழு வாங்கினாள். இருபத்துநாலு பேரில் இருபத்தொரு பேர் தேறினார்கள்.

"மூணு பேர் போச்சே" என்றேன்.

"செஞ்சு பார்த்துத்தானே போச்சு. அவங்களுக்கு மறுபடி வாய்ப்பு இருக்கு" என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் பெண் தேர்ச்சிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க மூன்று நகல் வேண்டும் என்றாள். கூட வந்திருந்த அம்மா சாலைக்கு அப்பால் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே இருந்தவள் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேலை கெடும், வேண்டாம் என்றார்.

அடுத்த மாதம் தேர்வு அலுவலகத்திலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு புதிய சுற்றறிக்கை வந்தது. பழைய மாணவர்களுக்குப் பழைய விதி பொருந்தும் என்ற விளக்கம், கடைசியில் ஒரு வரி: "இப்பிழையைச் சுட்டிக்காட்டிய பள்ளி எழுத்தருக்கு இவ்வலுவலகம் நன்றி தெரிவிக்கிறது." பெயர் போடவில்லை. அவள் அதைப் படித்துவிட்டுத் துளையிட்டுக் கோப்பில் போடப்போனாள். ஒரு நிமிஷம் கொடு என்று வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினேன். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு நகல் எடுத்து, கடைக்குள் நுழைகிறவர் கண்ணில் படும்படி கண்ணாடியில் ஒட்டினேன்.

சாயங்காலம் அவள் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, ஆபீஸ் காகிதத்தை இப்படிக் கடையில ஒட்டக்கூடாது. எடுங்க."

"எந்த விதியில இருக்கு, படிச்சுக் காட்டு" என்றேன்.

புத்தகம் பையில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை.