அம்மாவின் அழுகைக்கு வந்த பரிசு

வெறும் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதால், அந்த அழுகை உள்ளேயே ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கணகணவென்று வெளியே வரும். சித்தூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்பக்கத்தில், மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு, என் அம்மா அப்படித்தான் அழுது பழகுவாள். தெருவுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அண்டா. ஆனால் தெருவுக்கு நன்றாகவே கேட்டது. எங்கள் வீட்டுக்கு "அழுவுறவங்க ஊடு" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அப்போது அம்மாவுக்கு எந்தத் துக்கமும் இல்லை. அழுவது அவள் பார்த்த வேலை.

சினிமாவில் நடிகை அழும்போது கேட்கிற குரல் எப்போதும் அந்த நடிகையுடையது அல்ல என்பது இன்று பலருக்குத் தெரியும். அன்று எங்கள் தெருவில் அது எங்கள் வீட்டால் தெரிந்த சேதி. நைனா மிஷன் பள்ளி வாத்தியார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தம்பி, என் சித்தப்பா, மதராசில் படங்களுக்குக் குரல் சேர்க்கும் ஒரு தியேட்டரில் வேலை பார்த்தார். நன்றாக வசனம் பேசுகிற நடிகைக்குக்கூட, வாய்விட்டுக் கதறச் சொன்னால் தொண்டை கட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் குரல் கீச்சென்று போகும். அப்படி ஆள் கிடைக்காமல் தவித்த ஒரு நாளில், ஒரு கல்யாணத்துக்காக மதராசுக்கு வந்திருந்த தன் அண்ணியை, அதாவது என் அம்மாவை, சர்ச் பாட்டுக் குழுவில் உச்சத்தில் பாடுகிறவள் என்ற ஒரே தகுதியை வைத்துச் சித்தப்பா கூட்டிக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்தினார்.

அதிலிருந்து, அழ வரச் சொல்லி மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ தபால் கார்டு வரும். பனங்கற்கண்டும் மிளகும் போட்ட டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு அம்மா காலை பஸ் ஏறுவாள். தெலுங்கு, கன்னடம், மலையாளம், எந்தப் படமானாலும் அழுவாள். மலையாளத்தில் அவளுக்குத் தெரிந்தது "என்டெ மோனே", என் மகனே, என்ற இரண்டே சொல். அதை வைத்துக்கொண்டே எத்தனையோ பிள்ளைகளைச் சாகக் கொடுத்திருக்கிறாள். "கண்டவங்க ஊட்டு சாவுக்கெல்லாம் நீ அழுதுக்கினு இரு" என்று நைனா கேலி செய்வார். அம்மாவும் சிரிப்பாள்.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எட்டு மாதக் குழந்தையாக இருந்த என் தம்பி சாமுவேல் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். கூடத்தில் பெஞ்சின் மேல் சின்னப் பெட்டி. வீடு நிறையச் சபை ஜனங்கள். அம்மா பெட்டியின் மேல் விழுந்து கதறினாள். எதிர்வீட்டு கிரேஸ் அக்கா, சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர், பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"சினிமாக்கு அழுவுற மாரியே அழுவுறா பாரு. ராகங்கூட மாறல."

நான் உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் அழுகிறாளா என்று பார்த்தேன். அண்டாவுக்குள் கேட்ட அதே குரல்தான். வேறு குரலுக்கு அவள் எங்கே போவாள் என்று யோசிக்கிற வயது எனக்கில்லை. அம்மா தலையைத் தூக்கினாள். நான் பார்க்கிற பார்வையைப் பார்த்தாள். அவ்வளவுதான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பெட்டியை மூடும்போதும், கல்லறைத் தோட்டத்திலும், பிறகு வீட்டிலும் அவளிடமிருந்து சத்தமே இல்லை. அதற்கும் பேசினார்கள். "பெத்த புள்ளைக்கு வரல பாரு, மைக்கு வெச்சாத்தான் வரும் போல." கிரேஸ் அக்காவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவரை மன்னித்துவிட்டால் பழி முழுவதும் என் பேரில் வந்து நிற்கும் என்ற பயம்தான் காரணமோ என்னவோ.

அடக்கம் செய்து பத்து நாள் ஆகியிருக்கும். சித்தப்பாவுக்குத் தெரியாமல் கம்பெனி மேனேஜர் எழுதிய கார்டு வந்தது. "வர முடியாதுன்னு எழுதிப் போட்டுடறேன்" என்றார் நைனா. அம்மா கார்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "நான் போறேன்" என்றாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

குளிரூட்டிய இருட்டு அறை. எதிரே சின்னத் திரை. ஒரே துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதில் தெரிகிற வாயசைவுக்குப் பொருத்தமாக அழ வேண்டும். அன்றைக்கு ஓடிய துண்டில் ஒரு பெண், செத்துப்போன குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். சித்தப்பா பதறிப்போனார். "அண்ணி, இது வேணாம் அண்ணி, நான் சொல்லிக்கிறேன்" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். வழக்கமாக இரண்டு மூன்று ஒத்திகை கேட்கிற அம்மா அன்றைக்கு, "நேரா எடுத்துடச் சொல்லு" என்றாள்.

அந்த அழுகையை எழுத எனக்குத் தெரியவில்லை. துண்டுப் படம் முடிந்து திரை வெளுத்த பிறகும் அது நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். மலையாள டைரக்டர் எழுந்து வந்து, "மதி அம்மே, மதி", போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்றார். இத்தனைக்கும் திரையில் அந்தப் பெண் வாயை மூடிய இடத்திலெல்லாம் அம்மாவும் மூடியிருந்தாள். ஒரு தடவைகூடச் சாமு என்று கூப்பிடவில்லை, மோனே என்றுதான் கூப்பிட்டாள். திரும்பி வரும்போது, பஸ் ராணிப்பேட்டை தாண்டிய பிறகு, நான் எதுவும் கேட்காமலே சொன்னாள். "அங்க யாரும் என்னைப் பாக்கலடி. எல்லாம் அந்தப் பொம்பளையத்தான் பாத்துக்கினு இருந்தாங்க."

மலையாளப் படங்களுக்கு விமர்சகர்கள் கூடி ஆண்டுதோறும் பரிசு கொடுப்பார்கள். அடுத்த வருஷம் அந்தப் பரிசில் சிறந்த நடிகை அந்தப் பெண்தான். நைனா பள்ளிக்கூடத்திலிருந்து இங்கிலீஷ் பேப்பரைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். குழந்தை செத்த காட்சியில் நடிப்பு என்பதே தெரியவில்லை என்று விமர்சகர்கள் புகழ்ந்திருந்தார்களாம். "ஞானம், உன் அழுகைக்கு பிரைஸ் வந்துகீது" என்றார், பெருமையும் வயிற்றெரிச்சலும் கலந்த குரலில். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"அது நடிப்பு இல்லன்னு அவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

நைனா பேப்பரை மடித்தார். பதில் சொல்ல வேண்டியவள் நான். நான் வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடக் கணக்குப் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பரிசு கிடைத்த பிறகுதான் அந்தப் படம் எங்கள் ஊருக்கு வந்தது, மூன்றே நாள், காலைக் காட்சி. ரிக்ஷாவில் மைக் கட்டிக்கொண்டு, "அவார்டு பொந்தின சித்ரம்" என்று தெலுங்கில் கத்திக்கொண்டு போனார்கள். மலையாளப் படம் என்றாலே குடும்பப் பெண்கள் போகத் தயங்கிய காலம் அது. ஆனால் அவார்டு வாங்கிய படத்துக்குப் போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதில் அழுதது யார் என்று தெரியாமல் கிரேஸ் அக்காவே ஆள் சேர்த்தார். சனிக்கிழமை ஏழெட்டுப் பெண்கள் போனோம். அம்மாவும் வந்தாள். எதற்கு வந்தாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாஷை புரியாமல் முதல் பாதி முழுக்கக் கடலை தின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தவர்கள், அந்தக் காட்சி வந்ததும் அடங்கிப்போனார்கள். கிரேஸ் அக்கா விக்கி விக்கி அழுதார். நான் திரையைப் பார்க்கவில்லை; கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் அது எங்கள் வீட்டுக் கூடமாக இருந்தது. அம்மா மடியில் கையைக் கட்டிக்கொண்டு, வேறு யாரோ அழுவதைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வெயிலுக்கு வந்ததும் கிரேஸ் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். "பாத்தியா ஞானம், இது அழுகை. வயிறு எரிஞ்சி அழுவுறா. சும்மாவா குடுத்தாங்க அவார்டு? நீயுந்தான் அழுவுற, அண்டாக்குள்ள தலைய உட்டுக்கினு!"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை எலும்பு நோக இறுக்கிப் பிடித்தாள்.

"ஆமாக்கா. நல்லா அழுவுறா" என்றாள்.

அதன்பிறகும் சில கார்டுகள் வந்தன. அம்மா போகவில்லை. அண்டாவைத் திருப்பி நிமிர்த்தித் தண்ணீர் பிடித்து வைத்தோம். அம்மா அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் இருந்தாள். நைனா செத்த அன்றுகூட அவள் குரலை யாரும் கேட்கவில்லை.

இப்போது நான் இருப்பது திருப்பதியில், மகன் வீட்டில். சித்தூரில் நாங்கள் அந்தப் படம் பார்த்த தியேட்டர் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். மலையாளப் பட விமர்சகர்களின் பரிசுப் பட்டியலை, எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மருமகள் கேட்டாலும், வருஷா வருஷம் தேடிப் படித்துவிடுகிறேன். குரல் கொடுக்கிறவர்களுக்கும் இப்போதெல்லாம் பரிசு உண்டாம். இருக்கட்டும். பரிசு எனக்கு வேண்டாம். அந்தப் படம் ஒரே ஒரு தடவை வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு கேட்பதற்கு. மகன் போனில் எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டு, பிரதி எங்கேயும் இல்லையாம், சுருளெல்லாம் கெட்டுப்போயிருக்குமாம் என்றான். ஒரு போட்டோ மட்டும் கிடைத்தது. அந்த நடிகை பரிசைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

சாமுவுக்காக அம்மா அழுத சத்தம் அந்தச் சுருளில் மட்டும்தான் இருந்தது. சினிமாவுக்குப் போயிருக்க வேண்டிய அழுகையே அல்ல அது. அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால், அவள் அதை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அழுது முடித்திருப்பாள்.