அந்தோனியம்மா வாங்கிய பன்னிரண்டு இஞ்சி ஸ்பீக்கர்

ஹட்டனிலிருந்து கொத்மலை வரைக்கும் எந்தக் கோயில் திருவிழாவானாலும் அந்தக் காலத்தில் என் ஸ்பீக்கர்தான் பாடும். லியனார்ட் சவுண்ட் என்று சொன்னால் போதும், தெரியாத ஆள் கிடையாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அக்கரப்பத்தனையில் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்து, மக்பூல் நானாவின் ரேடியோக் கடையில் தூசு தட்டி, அவர் ஒதுக்கிப் போட்ட பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தேன். தலவாக்கலையில் சொந்தக் கடை திறந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. உழைத்தவன் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றியல்ல. வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்த அந்தோனியம்மா அக்காவைப் பற்றி.

எண்பத்து நான்காம் வருஷம், நல்ல மழைக் காலம். தலையில் ஒரு தேயிலைப் பெட்டியைச் சுமந்துகொண்டு கடைக்குள் வந்தார். மேசைமேல் இறக்கி வைத்தார். பெட்டியின் முகத்தில் வட்டமாக ஓட்டை வெட்டி ஒரு பெரிய ஸ்பீக்கர் பொருத்தியிருந்தது.

“மொதலாளி, இதுக்குள்ள என் தம்பி இருக்கான். கொஞ்சம் வெளிய எடுத்துக் குடுங்க.”

மொதலாளி என்று கூப்பிட்டாலே எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. உட்காரச் சொன்னேன்.

அவருடைய தம்பி இராயப்பனை எனக்கும் தெரியும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் கோயிலில் பாடுவான். அவன் குரல் கீழே இறங்கினால் பெஞ்சைப் பிடித்திருக்கிறவனுக்குக் கை அதிரும். அப்படியொரு கனத்த குரல். இரண்டு அரசுகளும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டதில் அக்கா குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது, தம்பிக்கு இந்தியா விழுந்தது. எழுபத்தைந்தில் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறியவன், கோத்தகிரிப் பக்கம் இன்னொரு தேயிலைத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு இருவரும் முகம் பார்க்கவில்லை. போன வருஷம் அங்கே போய்த் திரும்பிய ஒருவரிடம் கேசட் ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தான். ஒரு பக்கம் பேச்சு, மறுபக்கம் பாட்டு.

அக்காவிடம் இருந்தது, குவைத்துக்கு வேலைக்குப் போன அண்ணன் மகள் கொடுத்த சின்ன கேசட் ரேடியோ. அதில் போட்டால் இராயப்பன் குரல் தகரத்தில் கல் உரசுவது போல வந்தது.

“பொம்பளப்புள்ள பேசுற மாதிரி இருக்கு மொதலாளி. எட்டு மாசமா அதத்தான் கேட்டேன். எனக்கு அவன் கொரலு மறந்துருமோன்னு பயமாயிருச்சு.”

அதனால் ஹட்டனில் ஒரு கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரியதைக் கேட்டு, பன்னிரண்டு இஞ்சி, அதாவது பன்னிரண்டு அங்குல, ஸ்பீக்கர் ஒன்றை வாங்கியிருக்கிறார். தோட்டத்துத் தச்சர் அதைத் தேயிலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். லயத்துப் பிழைப்பில் அதுதான் வழக்கம். தொட்டில், அலமாரி, கோழிக் கூடு, மாதா சுரூபத்துக்குப் பீடம், எல்லாமே தேயிலைப் பெட்டிதான். ஸ்பீக்கருக்கு மட்டும் அது ஆகாது என்று யாருக்குத் தோன்றும்?

நான் கேசட்டைப் போட்டேன். இராயப்பன் அடிக்குரலில் இறங்கியதும் பெட்டியின் மெல்லிய பலகை படபடவென்று அடித்தது. உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் வறுக்கிற சோளம் மாதிரி பொரிந்தது. குரல் எங்கேயோ அடியில் கிடந்தது.

“ஏன்க்கா, பெரிசு வாங்குனா கொரலும் பெரிசா வரும்னு நெனச்சிங்களா?”

“பின்ன? சின்னக் கூடையில நெறயக் கொழுந்து கொள்ளுமா?”

“இது கூடை இல்லக்கா. ஸ்பீக்கரு வெறும் நாக்கு. பெட்டிதான் நெஞ்சு. நெஞ்சு தகரமா இருந்தா நாக்கு எம்புட்டு நீளமா இருந்து என்னா செய்ய?”

“அப்ப என் தம்பிக்கி ஒரு நல்ல நெஞ்சு செஞ்சு குடுங்க.”

அந்தப் பேச்சு என்னைக் கிளப்பிவிட்டது. பன்னிரண்டு இஞ்சிக்கு ஏற்ற பெட்டி செய்தால் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் பாதியை அதுவே பிடித்துக்கொள்ளும். அந்தப் பெரிய ஸ்பீக்கரை நான் எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கனத்த காந்தம் உள்ள எட்டு இஞ்சி ஒன்றைக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“கொறச்சுட்டீங்களே மொதலாளி!”

“கேட்டுட்டுப் பேசுங்க.”

தடித்த பலாப் பலகையில் பெட்டி அடித்தேன். மூலைக்கு மூலை பசை வைத்து இறுக்கினேன், உள்ளே இலவம்பஞ்சு அடைத்தேன், தட்டிப் பார்த்தால் பாறையைத் தட்டுவது போல இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். அந்த மாதிரிப் பெட்டி அன்றைக்கு இந்த மலையில் வேறு எவனும் செய்யவில்லை. கொழும்பிலும் செய்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானே கொண்டுபோனேன். லயத்தில் அப்போது கரண்ட் இல்லை. கார் பேட்டரியும் என் கையால் செய்த ஆம்பிளிஃபயரும் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம் என்று வட்டகொடையிலிருந்து மேடேறினேன். காம்பராவில் எல்லாவற்றையும் அக்காவின் கேசட் ரேடியோவோடு இணைத்து, கேசட்டைப் போட்டேன்.

“அக்கா, நல்லா இருக்கியா?” என்றான் இராயப்பன்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஆள் உள்ளே வந்து நின்ற மாதிரி இருந்தது. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு மொதலாளி.”

“என்னாக்கா இழுக்கிறீங்க? என்னா கொற?”

“கொற சொல்லல. சொல்லு சொல்லாக் கேக்குது. ஆனா இது கோயில்ல பாடுற இராயப்பன். எனக்குத் தெரிஞ்சவன் இவன் இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வார உழைப்பு! அவர் எழுந்து, “இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன். சீனி முடிஞ்சு போச்சு, பக்கத்துல வேலாயிகிட்ட வாங்கிட்டு வந்துர்றேன்” என்று வெளியே போனார். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சேதி முடிந்து அடுத்த சேதி வந்தது. அக்கா திரும்பவில்லை. தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது. நான் எழுந்து அடுத்த காம்பராவுக்குப் போனேன்.

அங்கே சீனிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி, சுவரில் கன்னத்தை வைத்து நின்றிருந்தார் அக்கா. பக்கத்தில் வேலாயி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“நிப்பாட்டிறாதீங்க மொதலாளி,” என்றார் அக்கா. “இப்பத்தான் வந்திருக்கான்.”

நானும் காதை வைத்தேன். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய சுவர். ஒரு சொல்கூட விளங்கவில்லை. அடிக்குரல் மட்டும் உம்மென்று வந்து கன்னத்தில் பட்டது.

“இந்தக் காம்பரா அவங்களோடதுதான்,” என்றாள் வேலாயி. “இராயப்பன் அண்ணன் இந்தியா போனப்பறம்தான் எங்களுக்குக் குடுத்தாங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவும் தம்பியும் அவரவர் கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அவன் அந்தப் பக்கம் செபம் சொல்வான், பிள்ளைகளை அதட்டுவான், முணுமுணுத்துப் பாடுவான். இந்தப் பக்கம் அக்கா ரொட்டி தட்டுவார். முகத்தைப் பார்த்துக் கேட்டதைவிடச் சுவர் வழியாகக் கேட்டதுதான் அதிகம்.

வேலாயியிடம் நான்தான் பேசினேன். பெட்டியை அவளுடைய காம்பராவில், சுவரை ஒட்டித் திருப்பி வைத்தேன். கீச்சுக் குரல் வராமல் ஆம்பிளிஃபயரில் திருகை முழுக்கக் குறைத்தேன். எந்த மெக்கானிக்கும் ஸ்பீக்கரைச் சுவரைப் பார்க்க வைக்க மாட்டான். நான் வைத்தேன்.

அக்கா தன் காம்பராவில் அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்து மாவை எடுத்துப் பிசைய ஆரம்பித்தார். ரொட்டிக்கான நேரமே இல்லை அது. சுவர் உம்மென்று பேசியது. “ம்… ம்… சரிடா” என்று அவர் பதில் சொல்வது எனக்கு வெளித் திண்ணையான இஸ்தோப்பில் கேட்டது. நான் வாசலில் தலையை நீட்டினேன்.

“மொதலாளி,” என்றார், திரும்பாமலே. “அந்தப் பன்னெண்டு இஞ்சியவும் கூட வெச்சா என்னா?”

“வேணாம்க்கா. அதையும் வெச்சா செவுத்த இடிச்சுக்கிட்டு ஆளே வந்துருவாரு.”

“வரட்டுமே,” என்றார் அக்கா.

அந்தப் பக்கம் கேசட்டில் பேச்சு முடிந்து சுவர் பேசாமல் இருந்தது. அவர் மாவில் கையை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்தார். நான் வேலாயியின் காம்பராவுக்கு ஓடிப்போய்க் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.